குழாய்க்கு ஏது உரிமை

உட்காருங்க சார். அந்த ஸ்டூல் ஆடும், இந்தப் பெட்டி மேலே உட்காருங்க. ஸ்பீக்கர் பெட்டிதான், ஆள் உட்கார்ந்தா ஒண்ணும் ஆகாது. நான் அரியநாயகம். வெளியே போர்டுல பார்த்திருப்பீங்க, அரியநாயகம் சவுண்ட் சர்வீஸ். நாற்பத்தோரு வருஷமா இதே ஊர், இதே கடை.

இருபத்தாறாம் தேதியா? அன்னைக்கு முகூர்த்தம். ஊர்ல மத்த ரெண்டு செட்டும் கல்யாணத்துக்குப் போயாச்சு. என்கிட்ட ஒரு செட் இருக்கு. ஆம்ப்ளிஃபயர், நாலு குழாய் ஸ்பீக்கர், ரெண்டு பெட்டி, மூணு மைக். இருக்குன்னுதான் சொன்னேன், தர்றேன்னு சொல்லலை. முதல்ல நோட்டீஸைக் காட்டுங்க. யார் பேசறாங்கன்னு தெரியாம நான் செட் கட்டறதில்லை.

வாசகர் வட்டம். நீங்கதான் செயலாளரா? மாற்றலாகி வந்த புது வாத்தியாரா? சரி, சரி. அதான் என்னைத் தெரியலை உங்களுக்கு. அரசியல் சட்ட நாள் கூட்டம். தலைப்பு, எல்லோர் குரலும் கேட்கட்டும். நல்ல தலைப்பு. நான் அஞ்சாங்கிளாஸ்தான், ஆனா எழுத்துக் கூட்டாமப் படிப்பேன். நாற்பது வருஷம் நோட்டீஸ் படிச்ச படிப்பு. சிறப்புரை...

இதென்ன சார், இவர் பேரைப் போட்டிருக்கீங்க?

ஓய்வு பெற்ற நீதியரசர் தில்லைவாசகன். ஆமா, இவரேதான். இந்தக் கண்ணாடி, இந்த மீசை. படத்துலகூடச் சிரிக்கிறார் பாருங்க.

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொல்லி முடிச்சிடறேன், அப்புறம் நீங்க பேசலாம்.

எட்டு வருஷம் முன்னால நம்ம கண்மாய்ல சாயப்பட்டறைக் கம்பெனி விட்ட சாயத் தண்ணி கலந்தது. தண்ணி ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் ஊதா. மாடு குடிக்கலை. ஊர்க்காரங்க சேர்ந்து பஜார்ல கண்டனக் கூட்டம் போட்டாங்க. ஸ்டேஷன்ல எழுதி வாங்கின அனுமதி இருந்தது. செட் என்னோடது. நாலு பேர் பேசினாங்க, ஒரு தொந்தரவும் இல்லை. அஞ்சாவதா தவமணி ஏறினா. சாயப்பட்டறையில வேலை பார்த்த பொம்பளை. நகக்கண் எல்லாம் நீலம். ரெண்டு நிமிஷம் ஒழுங்காத்தான் பேசினா. மூணாவது நிமிஷம் தடம் மாறிட்டா. "கண்மாயைக் கெடுத்தது கம்பெனி மட்டும்தானா? வருஷா வருஷம் கம்பெனி ஆண்டுவிழாவுக்கு வந்து செட் கட்டறது யாரு? அவங்க போடற பிரியாணியைச் சாப்பிடறது யாரு?"ன்னு ஆரம்பிச்சா. அத்தோட ஃப்யூஸ் போயிடுச்சு.

தானாப் போகலை சார், நான்தான் எடுத்தேன். எடுத்தாலும் போச்சுன்னுதான் சொல்வோம், தொழில்ல அப்படி.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? அது என் மைக். என் மைக்ல என்னைப் பத்தி ஒருத்தி பேசுவா, நான் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? கம்பெனிக்குச் செட் கட்டினேன்னா அது தொழில். கல்யாண வீட்டுக்கும் கட்டுவேன், எழவு வீட்டுக்கும் கட்டுவேன். அதுக்கும் கண்மாய்க்கும் சம்பந்தம் கிடையாது. அவ வெறும் வாயால என்னமோ சொல்லிப் பார்த்தா. பஜார் இரைச்சல்ல முன்வரிசைக்கே கேட்கலை. இறங்கிட்டா.

நான் ஃப்யூஸை மாட்டி ஆறாவது ஆளைப் பேசவிட்டேன். அப்பதான் இன்ஸ்பெக்டர் வந்தார். பேசினவனை விட்டுட்டார், கூட்டம் போட்டவனை விட்டுட்டார். நேரா என்கிட்ட வந்து, "எல்லாத்தையும் கழட்டி வண்டியில ஏத்து"ன்னார்.

"ஐயா, அனுமதி இருக்கு"ன்னேன்.

"கூட்டத்துக்குத்தானே அனுமதி? சத்தத்துக்கு யார் கொடுத்தா?"

சத்தம் இல்லாமக் கூட்டம் எப்படி சார் போடறது? கழட்டினேன். வேற எவனையாவது கழட்டவிட்டா ஒயரை அத்துடுவான். அதனால நானே கழட்டி, நானே சுருட்டி, நானே ஏத்தினேன். ஏட்டு, "நல்லாக் கட்டுய்யா, பள்ளத்துல குலுங்கும்"னார். நல்லாத்தான் கட்டினேன்.

ஆறு மாசம் என் செட் ஸ்டேஷன்ல கிடந்தது. கிடந்ததுன்னு நான் நினைச்சேன். ஆயுதபூஜை அன்னைக்கு அந்தப் பக்கமாப் போறேன், ஸ்டேஷன்ல பாட்டு ஓடுது. மூணாவது குழாய்ல ஒரு கரகரப்பு. அது என் குழாய் சார். பெத்த பிள்ளை இருமற மாதிரி எனக்குத் தெரியும். வழக்குச் சொத்துன்னு சீல் வச்ச குழாயை மரத்துல கட்டிப் பாட்டுப் போடறாங்க. அதையும் ஒழுங்காப் போடத் தெரியலை, ஊளையிடுது. என்னால தாங்க முடியலை. உள்ளே போய் மைக்கைத் திருப்பி வச்சு, சவுண்டைக் குறைச்சு சரி பண்ணிட்டு வந்தேன். ஏட்டு பொரி கொடுத்தார்.

அன்னைக்கே வக்கீலம்மா எழிலரசியைப் போய்ப் பார்த்தேன். நல்ல பொண்ணு, நம்ம ஊர்தான். "அண்ணே, இது பத்தொன்பதாவது பிரிவு. பேசற உரிமை அதுல இருக்கு, தொழில் பண்ற உரிமையும் அதுல இருக்கு. உங்க விஷயத்துல ரெண்டையும் மிதிச்சிருக்காங்க. ஐகோர்ட்ல ரிட் போடுவோம்"னுச்சு. எனக்கு அந்தப் பத்தொன்பது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நாலு குழாய் வச்சிருக்கிறவனை நினைச்சு எவனோ ஒரு மகராசன் டெல்லியில உட்கார்ந்து எழுதியிருக்கான் பாருங்க. பதினொரு பக்கம் மனு. அதுல இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் நான் சொன்னது, சட்டம் மட்டும் வக்கீலம்மா போட்டது.

ஐகோர்ட்டுக்கு நானும் போனேன். வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு. மணி பதினொண்ணே கால் வரைக்கும் நின்னேன். எங்க நம்பரைக் கூப்பிட்டாங்க. வக்கீலம்மா எழுந்து இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கும். மேலே உட்கார்ந்திருந்தவர் இந்தத் தில்லைவாசகன்தான். ஃபைலைக்கூடத் திறக்கலை.

"பிடிச்சுக்கிட்டுப் போனது என்னம்மா?"ன்னார், தமிழ்ல.

"ஒலிபெருக்கி, மை லார்ட்."

கண்ணாடியைக் கீழே இறக்கினார். "பேசறவனுக்கு உரிமை இருக்கு. குழாய்க்கு ஏதும்மா உரிமை?"ன்னார்.

சொல்லிட்டு அவரே சிரிச்சார், கோர்ட்டே சிரிச்சது சார். சர்க்கார் வக்கீல் சிரிச்சார். டவாலி போட்டவர் சிரிச்சார். நான் திரும்பிப் பார்க்கிறேன், என் வக்கீலும் சிரிக்குது. அப்புறம் கேட்டா, "அண்ணே, ஜட்ஜ் சிரிச்சா நாங்க சிரிக்கணும்ணே, நாளைக்கும் அங்கேதானே போய் நிக்கணும்"ங்குது.

நான் கையைத் தூக்கி, "ஐயா, குழாய்க்குச் சொந்தக்காரன் நான் இருக்கேன்"னேன். டவாலி, உஸ்ஸுன்னுட்டார். தள்ளுபடி. அடுத்த நம்பர். நான் கைக்கடிகாரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணரை நிமிஷம். பதினொரு பக்கத்துக்கு ஒண்ணரை நிமிஷம். எதிர்த்தரப்பைக் கேட்கலைன்னா பரவாயில்லை, என் தரப்பையே கேட்கலையே. ஒரு மனுஷன் பேச வந்திருக்கான், வாயைத் திறக்கறதுக்குள்ள அடைக்கிறதுன்னா, அது எந்த ஊர் நியாயம்? சொல்லுங்க. இல்லை, இருங்க, நானே சொல்றேன்.

எழிலரசி சொன்னது, "மேல்முறையீடு பண்ணலாம்ணே. இல்லைன்னா இங்கே கீழ்க்கோர்ட்ல ஒரு சின்ன மனுப் போட்டாலே செட்டை வாங்கிடலாம்."

"செட்டு வரும்மா. அவர் சிரிச்சதுக்கு என்ன வரும்?"னு கேட்டேன்.

வக்கீலம்மாவே கீழ்க்கோர்ட்ல மனுப் போட்டு மூணே வாரத்துல செட்டை வாங்கிக் கொடுத்துடுச்சு. ரெண்டாவது குழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருந்தது. ஊர்க்காரங்க, "அதான் செட் வந்துடுச்சே, விடுங்க"ன்னாங்க. நான் விடலை. என் அண்ணன் எங்கப்பா கருமாதியில என்னைக் கேட்காம பந்தலுக்கு வேற செட் சொன்னார். முப்பது வருஷம் ஆச்சு, நான் இன்னும் அவர் வீட்டுத் தண்ணி குடிக்கலை. நான் அப்படி ஆள்.

"ஒரு ஏட்டு தப்புப் பண்ணினா இன்ஸ்பெக்டர் கேட்பார். வாத்தியார் தப்புப் பண்ணினா ஹெட்மாஸ்டர் கேட்பார். ஐகோர்ட் ஜட்ஜ், சட்டத்துல எழுதி வச்ச உரிமையைப் பார்த்துச் சிரிச்சா யாரும்மா கேட்பா?"ன்னேன் எழிலரசிகிட்ட.

"தலைமை நீதிபதிக்குப் புகார் எழுதலாம்ணே."

எழுதினேன். நாலு மாசம் கழிச்சு ஒரு தாள் வந்தது, தங்கள் மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டதுன்னு. எங்கே அனுப்பினாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. ஒரு நாள் காலையில கடை வாசல்ல அதே ஏட்டு நிக்கிறார்.

"அரியநாயகம், ஜட்ஜ் மேல புகார் கொடுத்திருக்கியாமே. விசாரிக்கச் சொல்லி வந்திருக்கு."

"சரி, விசாரிங்க. அவரைக் கூப்பிட்டு விசாரிங்க."

"அவரை எங்கேய்யா விசாரிக்கிறது? உன்னைத்தான் விசாரிக்கணும். தூக்கம் நல்லா வருதா? வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

எழுதிக்கிட்டார். மனுதாரர் தெளிவாகப் பேசுகிறார், ஆனால் நிறையப் பேசுகிறார்னு எழுதினார். என் கண்ணாலே படிச்சேன். அதுல கையெழுத்து வேற போடச் சொன்னார்.

கடைசியா எழிலரசி ஒரு நாள் சலிச்சுப்போய், "அண்ணே, ஒரு ஜட்ஜை நீக்கணும்னா அது பார்லிமெண்டாலதான் முடியும். அதை ஆரம்பிக்கிறதுக்கே நூறு எம்.பி. கையெழுத்துப் போடணும். உங்களால முடியுமா?"ன்னுச்சு. என்னை வாயடைக்கத்தான் சொன்னது. நான் அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். நூறு கையெழுத்து. அவ்வளவுதானே?

சார், நாற்பது வருஷமா இந்தத் தொகுதியில எம்.பி.க்கு நின்ன அத்தனை பேரும் என் மைக்ல பேசினவங்க. பெரிய கட்சி, சின்னக் கட்சி, சுயேச்சை, எல்லாம். ஒரு தேர்தலுக்கு இருபது பேர், இருபத்தஞ்சு பேர். எல்லார் விலாசமும் என் டைரியில இருக்கு. செத்தவங்க போக, பக்கத்துத் தொகுதியையும் சேர்த்துக்கிட்டா நூறு தேறும்.

சிரிக்காதீங்க. ஜெயிச்சவங்க வீட்டுக்கும் போனேன். வாட்ச்மேனைத் தாண்டலை. தோத்தவங்கதான் கதவைத் திறந்தாங்க. ஒவ்வொருத்தரும் உட்காரவச்சு டீ கொடுத்து, அவங்க தோத்த கதையைச் சொன்னாங்க. நான் பாதிக்கு மேல கேட்கலை, கையெழுத்தை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். மேலூர்க்காரர் ஒருத்தர் நாலு தேர்தல்ல நின்னவர், "நாலு கையெழுத்துப் போடறேனே"ன்னார். ஒண்ணு போதும்னுட்டேன். நியாயம்னு ஒண்ணு இருக்கு இல்லையா?

ரெண்டரை வருஷம் அலைஞ்சேன். தொண்ணூத்தொம்பது வந்தது. நூறாவது ஆள் யாரு தெரியுமா? தவமணி.

ஆமா, அவளேதான். கூட்டத்துல பேசினதுக்காகப் பட்டறையில நிறுத்திட்டாங்க. அந்தக் கோபத்துல அடுத்த தேர்தல்ல சுயேச்சையா நின்னா. தண்ணிக்குழாய் சின்னம். மைக் கிடையாது, தெருத்தெருவா நடந்து கத்தினா. நானூத்துப் பன்னிரண்டு ஓட்டு. இப்பப் பக்கத்து ஊர்ப் பட்டறைக்குப் போறா, வேற வேலை எங்கே இருக்கு?

எனக்குப் போக மனசில்லை. ஆனா நூறு ஆகணுமே. போனேன். சோறு வடிச்சுக்கிட்டு இருந்தா. வாங்கண்ணேன்னா. பாயை விரிச்சா. விஷயத்தைச் சொன்னேன். முழுசும் கேட்டா சார். ஒரு இடத்துல குறுக்கே பேசலை. ஜட்ஜ் சிரிச்சாருன்னு சொன்னப்ப அவ சிரிக்கலை. நான் சொல்லி முடிச்சதும், "உங்களுக்குப் பண்ணினது அநியாயம்தான்ணே. கையெழுத்துப் போடறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க"ன்னா.

"என்ன?"

"அன்னைக்கு மேடையில நான் பேச வந்ததைக் கேளுங்க. பத்து நிமிஷம். மைக் வேண்டாம். நீங்க ஒருத்தர் கேட்டாப் போதும்."

சரி, பத்து நிமிஷம்தானேன்னு உட்கார்ந்தேன். ஆரம்பிச்சா. அவ புருஷன் நெஞ்சு, அவ பிள்ளை தோல், பட்டறைத் தொட்டியில எத்தனை பேர் கை வைக்கிறாங்க, இதெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா. நானும் ம் போட்டேன். அப்புறம் வந்துட்டா சார் அந்த இடத்துக்கு. "ஆண்டுவிழா அன்னைக்கு நாங்க வாசல்ல நின்னு கத்தினோம்ணே. முதலாளிக்குக் கேட்கணும்னு கத்தினோம். உங்க நாலு குழாயும் எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பாட்டுச் சத்தத்துல நாங்க கத்தினது எங்களுக்கே கேட்கலை. குழாயை யாரு திருப்பி வச்சது?"ன்னா.

எழுந்துட்டேன். எனக்கு வேற வேலை இருந்தது. பஸ் வேற வந்துடும். வாசல் வரைக்கும் வந்து, "இன்னும் ஏழு நிமிஷம் இருக்குண்ணே"ன்னா. திரும்பியே பார்க்கலை.

குழாயைக் கம்பெனிக்காரங்க காட்டின பக்கம் திருப்பினேன். கூலிக்கு வந்தவன் அவங்க சொல்ற பக்கம்தானே திருப்புவான். இதுல என்ன கேள்வி?

தொண்ணூத்தொம்பதோட எழிலரசிகிட்ட போனேன். கையெழுத்துத் தாள் கட்டைப் பார்த்துட்டு அது தலையில கை வச்சுக்கிட்டுது. "அண்ணே, இவங்க யாரும் ஜெயிக்கலையே. ஜெயிச்சவங்கதான்ணே எம்.பி."

"தோத்தவங்களுக்கும் ஜனங்கதானேம்மா ஓட்டுப் போட்டாங்க?"

அது கட்டை என் பக்கமே தள்ளி வச்சுது. அப்புறம், "இனிமே நூறு எம்.பி. போட்டாலும் பிரயோஜனம் இல்லைண்ணே. அவர் போன வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆயிட்டார். பதவியில இல்லாதவரை நீக்க முடியாது"ன்னுச்சு. பிரிவு உபசார விழா நடந்ததாம். வழக்குன்னு வந்தவங்க சொல்றதைக் கடைசி வார்த்தை வரைக்கும் பொறுமையாக் கேட்பார்னு பேசினாங்களாம். பேப்பர்ல போட்டிருந்தது. கத்தரிச்சு வச்சிருக்கேன்.

இப்ப நம்ம ஊருக்கு வர்றார். உரிமையைப் பத்திப் பேச வர்றார். நாற்காலியை விட்டு இறங்கினதும் ஞாபகம் வந்திருக்கு.

உங்க முகத்தைப் பார்த்தாத் தெரியுது, இவன் செட் தரமாட்டான்னு நினைக்கிறீங்க. தர்றேன் சார். வாடகைகூட வேண்டாம். அப்படிப் பார்க்காதீங்க, வாசகர் வட்டத்துக்கு என் அன்பளிப்புன்னு வச்சுக்குங்க. அவர் பேசறப்ப ஃப்யூஸ் போகாது, சத்தியமாப் போகாது. அவர் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசட்டும்.

ஒரே ஒரு விஷயம். எத்தனை மணிக்குக் கூட்டம்? அஞ்சா? சரி. அவரை அஞ்சு மணிக்கே மேடையில உட்கார வச்சிடுங்க. முன்வரிசை நாற்காலி, கைப்பிடி உள்ளது. பக்கத்துல ஆள் உட்காரட்டும், நடுவுல எழுந்து போகக் கஷ்டமா இருக்கணும். நான் அஞ்சு மணிக்கு மைக் டெஸ்டிங் ஆரம்பிப்பேன்.

உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது, அதனால சொல்றேன். மைக் டெஸ்டிங் நடக்கறப்ப யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஒரு தடவை கலெக்டர் வந்து மாலையோட இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார், நான் ஹலோ ஹலோன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். மந்திரி பாதியில எழுந்து பேச வந்தார், "டெஸ்டிங் முடியலைங்க"ன்னேன், உட்கார்ந்துட்டார். அந்த நேரத்துல மேடையில என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது. மைக் சரியா இருக்கான்னு நான் சொல்லணும், அதுவரைக்கும் எந்த மகாராஜாவும் காத்திருக்கணும்.

ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்றது பழைய முறை. அதுல சவுண்ட் சரியாப் பிடிபடாது. நீளமா எதையாவது படிச்சாத்தான் குழாய் எங்கே கரகரக்குது, எங்கே இழுக்குதுன்னு தெரியும்.

அதோ அந்த மஞ்சப் பையை எடுங்க. ஆமா, அதுதான். பதினொரு பக்கம். ஐகோர்ட்ல யாரும் திறக்காத மனு. வீட்ல கடிகாரத்தை வச்சுக்கிட்டுப் படிச்சுப் பார்த்திருக்கேன், இருபத்திரண்டு நிமிஷம் ஆகுது. நாலு குழாயும் மேடையைப் பார்த்துத்தான் கட்டுவேன்.

அஞ்சுன்னு போட்டாலும் கூட்டம் அஞ்சரைக்குத்தானே தொடங்கும்? எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கும் உங்களுக்கு. ஒரு முன்னூறு பேர் வருவாங்களா? வருவாங்க, நானே நாலு பேருக்குச் சொல்லிவிடறேன்.

இப்ப நீங்க பேசலாம். என்ன, நேரம் இடிக்குமா? நிகழ்ச்சி நிரலைக் காட்டுங்க. வரவேற்புரை அஞ்சு நிமிஷம், அதை விடுங்க. சிறப்புரையில கை வைக்க வேண்டாம், பாவம், பெரியவர் தூரத்துல இருந்து வர்றார். இது யாரு, வாழ்த்துரை... தவமணியா? இவளுக்கு யார் சார் இடம் கொடுத்தா? பத்து நிமிஷம் வேற போட்டிருக்கீங்க.

அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லை. அவளை மூணு நிமிஷத்துல முடிச்சுக்கச் சொல்லுங்க. இல்லை, நீங்க சொல்லக்கூட வேண்டாம். பழைய செட் சார், ஃப்யூஸ் எப்ப போகும்னு சொல்ல முடியாது.